வெட்கம் யாருடையது? திருகோணமலையின் மனவடுவும் அதன் சிகிச்சையும்

2006 ஜனவரி 2 மாலை, திருகோணமலைக் கடற்கரையில் காந்தி சிலைக்கு அருகே ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். கைக்குண்டு வெடித்து இறந்தார்கள் என்றே முதலில் சொல்லப்பட்டது. பிரேத பரிசோதனை துப்பாக்கிச் சூட்டைக் காட்டியது. அந்தக் காயங்கள் தெரியும்படி படமெடுத்து வெளிக்கொண்டுவந்த ‘சுடர் ஒளி’ செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் அதே மாதம் 24ஆம் திகதி அதே நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். இவை பலமுறை எழுதப்பட்டவை. உளவியல் நோக்கில் படிப்பவர் நின்று கவனிக்க வேண்டிய சிறிய செய்தி ஒன்று இவற்றுக்கிடையே உண்டு. மகன் விடுதலைப் புலி என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் உடலைத் தருவோம் என்று தன்னிடம் சொல்லப்பட்டதாக ஒரு தந்தை பின்னர் கூறினார். அவர் கையெழுத்திட மறுத்தார். பிள்ளையை இழந்தவரிடம் மேலும் எதைப் பறிக்க முடியும்? பிள்ளையின் பெயரைப் பறிக்கலாம். அதைப் பெற்றவரின் வாயாலேயே பறிக்கலாம். அந்தத் தாள் செய்ய முயன்றது அதைத்தான். திருகோணமலை மாவட்டத்தில் மனவடு இத்தனை ஆண்டுகளாகியும் ஆறாமல் கிடப்பதற்கு அச்சம் மட்டும் காரணமில்லை, அச்சத்தோடு சேர்த்து ஏற்றப்பட்ட அவமானமே அதை உறையவைத்திருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். அந்த அவமானத்தைக் கணக்கில் எடுக்காமல் ‘நடந்ததைச் சொல்லுங்கள்’ என்று தொடங்கும் சிகிச்சை, ஆற்றுவதற்குப் பதில் காயத்தின் முதற் காட்சியையே திரும்ப நடத்திவிடக்கூடும்.

மருத்துவம் இதைக் காணக் காலமெடுத்தது. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1980இல் மனவடு நோய்க்குத் தன் கைநூலில் முதன்முறையாக இடம் கொடுத்தபோது அதன் நடுவில் நின்றது அச்சம். உயிருக்கு ஆபத்து வந்தது, உடல் எச்சரிக்கை நிலைக்குப் போனது, ஆபத்து நீங்கிய பின்னும் அந்த எச்சரிக்கை அடங்கவில்லை என்பதே அந்த விளக்கம். வெடிச்சத்தத்துக்கு இன்றும் திடுக்கிடும் மனிதரை அது நன்றாக விளக்கும். எதற்கும் திடுக்கிடாமல், எதையும் உணராமல், சுவரைப் பார்த்தபடி இருக்கும் மனிதரை அது விளக்காது. அவரைப் பற்றி நூறாண்டுக்கு முன்பே எழுதியவர் பிரெஞ்சு அறிஞர் பியேர் ஜானே. 1889இல் வெளியான அவருடைய ஆய்வு பெரும்பாலும் லு ஆவ்ர் என்ற துறைமுக நகரத்தின் நோயாளிகளைக் கொண்டு செய்யப்பட்டது. தாங்கமுடியாத அனுபவம் மற்ற நினைவுகளோடு சேராமல் தனியே பிரிந்து நின்று, அங்கிருந்தபடி உடலையும் நடத்தையையும் ஆட்டிவைக்கிறது என்று அவர் காட்டினார். டிசோசியேஷன் எனப்படும் இதை இங்கே உளவிலகல் என்று சொல்கிறேன். தன் உடலைத் தானே தூரத்திலிருந்து பார்ப்பது, சுற்றியுள்ள உலகம் கனவுபோலாவது, சில மணி நேரம் நினைவிலிருந்தே தொலைந்துபோவது எல்லாம் அதில் அடங்கும். 16 நாடுகளில் 25,000 பேரளவில் கேட்டறிந்த உலக உளநல ஆய்வு, மனவடு நோய் கொண்டவர்களில் 14.4 வீதத்தினரிடம் இத்தகைய அறிகுறிகளைக் கண்டு 2013இல் வெளியிட்டது. அதே ஆண்டு வந்த அமெரிக்கக் கைநூல் உளவிலகலைத் தனி உட்பிரிவாக ஏற்றது. நோயின் உணர்ச்சிகளில் அச்சத்தோடு வெட்கத்தையும் குற்றவுணர்வையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியல், நீடித்த கொடுமைக்குப் பின் வரும் சிக்கலான மனவடுவில் ‘நான் பெறுமதியற்றவன்’ என்ற எண்ணத்தையும் அதோடு வரும் வெட்கத்தையும் இலக்கணமாகவே வைத்தது.

வெட்கமும் உளவிலகலும் எப்படிப் பிணைகின்றன என்பதற்கு ஸ்டாக்ஹோம் ஆய்வொன்று நல்ல சான்று. வல்லுறவுக்கு ஆளாகி அந்நகரின் அவசர சிகிச்சை நிலையத்துக்கு வந்த 298 பெண்களில் 70 வீதத்தினர், தாக்குதலின்போது தம் உடல் குறிப்பிடத்தக்க அளவு அசைவற்றுப் போனதாகக் கூறினார்கள். அப்படி உறைந்தவர்களுக்கு ஆறு மாதத்தின் பின் மனவடு நோயும் மனச்சோர்வும் கூடுதலாக இருந்தன. ‘விறைச்சுப் போனன்’ என்று நம் மக்கள் சொல்வது இதைத்தான். தப்ப வழியில்லாத இடத்தில் உடல் தானாகச் செய்யும் காரியம் அது. அதில் விருப்பத்துக்கு இடமில்லை. ஆனால் அதன் பின் வரும் கேள்வி விருப்பத்தைப் பற்றியதாக இருக்கிறது: ஏன் கத்தவில்லை, ஏன் ஓடவில்லை? பொலிசும் கேட்கிறது, மாமியாரும் கேட்கிறார், கடைசியில் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளும் நிலை வருகிறது. அந்த இடத்தில்தான் உடலின் உறைவு மானக்கேடாக மாறுகிறது. மானக்கேட்டை நினைக்க முடியாதபோது மனம் மறுபடி விலகுகிறது. ஆண்களிடம் இந்தப் பூட்டு இன்னும் இறுக்கம். சித்திரவதைக்குப் பின் லண்டனிலுள்ள சிகிச்சை அமைப்பொன்றுக்கு 1997, 1998 ஆகிய ஆண்டுகளில் அனுப்பப்பட்ட 184 இலங்கைத் தமிழ் ஆண்களில் 38 பேர், அதாவது 21 வீதத்தினர், தடுப்பில் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகச் சொன்னதை லான்செட் இதழ் 2000இல் வெளியிட்டது. கடல் கடந்து, பாதுகாப்பான அறையில், மருத்துவரிடம் சொன்னவர்களின் எண்ணிக்கை இது. ஊரில் இருந்தவர்கள் யாரிடம் சொல்லியிருப்பார்கள்?

திருகோணமலையில் அவமானம் எப்படி ஏற்றப்பட்டது என்பதைத் தனியே பார்க்க வேண்டும். இயற்கைத் துறைமுகம் என்ற ஒரே காரணத்துக்காக எல்லா அரசுகளும் விரும்பிய நிலம் இது. பிரித்தானியர் 1957இல் தம் கடற்படைத் தளத்தைக் கையளித்த பின் இலங்கைக் கடற்படை நகரத்தின் நடுவில் இருக்கிறது. மக்கள் அதைச் சுற்றி வாழ்கிறார்கள். போர்க்காலத்தில் சோதனைச்சாவடியில் இறங்கி நடப்பது, அடையாள அட்டையை நீட்டுவது, பையைத் திறந்து காட்டுவது, பிள்ளைகளின் முன்னால் தகப்பன் தலைகுனிந்து பதில் சொல்வது என்பவை அன்றாடம். சுற்றிவளைப்பில் பிடிபட்டவர்கள் முகம் மூடிய ‘தலையாட்டி’யின் முன்னால் வரிசையாக நடக்க வேண்டும். அந்தத் தலை அசைந்தால் ஒருவர் போய்விடுவார். அசையாவிட்டால் மற்றவர்கள் வீட்டுக்குப் போவார்கள், போனவரின் தாயை வழியில் சந்திப்பார்கள். தலையாட்டியும் பெரும்பாலும் அடிபட்டு அந்த இடத்துக்குக் கொண்டுவரப்பட்டவரே. வெட்கம் சுற்றிச் சுற்றி எல்லோர் மீதும் பூசப்பட்ட ஏற்பாடு அது. 2015 நவம்பரில், வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர் தொடர்பான ஐ.நா. செயற்குழு கடற்படைத் தளத்துக்குள் இரகசியத் தடுப்புக் கூடங்களைப் பார்த்தது. 2008, 2009 ஆண்டுகளில் கொழும்புப் பகுதியில் கடத்தப்பட்ட 11 இளைஞர்கள் ‘கன் சைட்’ என்ற பெயரில் அறியப்பட்ட இடத்தில் வைக்கப்பட்டிருந்ததாக விசாரணையாளர்கள் கண்டதும் இந்தத் தளத்தில்தான். துறைமுகத்தில் கப்பல்கள் வந்துபோய்க்கொண்டுதான் இருந்தன.

இது தமிழருக்கு மட்டும் நேர்ந்ததுமில்லை. 2006 ஆகஸ்டில் மூதூரில் சண்டை மூண்டபோது முஸ்லிம் மக்கள் ஆயிரக்கணக்கில் கந்தளாய்க்கு நடந்தார்கள். அதே நாட்களில் மூதூரில் பட்டினிக்கு எதிரான பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்தின் 17 பணியாளர்கள் தங்கள் அலுவலக வளவுக்குள் கொல்லப்பட்டார்கள். சம்பூர் மக்கள் அந்த ஆண்டு ஏப்ரலில் ஓடத் தொடங்கி, கிளிவெட்டி போன்ற இடங்களின் முகாம்களில் ஒன்பது, பத்து ஆண்டுகள் இருந்தார்கள். எல்லைக் கிராமச் சிங்கள விவசாயிகளும் இரவில் காட்டுக்குள் படுத்த காலம் உண்டு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கிண்ணியாவையும் மூதூரையும் இனம் பார்க்காமல் அடித்தது. கடலில் உழைத்து நாலு பேருக்குக் கொடுத்து வாழ்ந்த குடும்பம் நிவாரண வரிசையில் கை நீட்டி நின்றது. உயிர்ச்சேதத்தைக் கணக்கிட்ட அறிக்கைகள் பல வந்தன. அந்தக் கை நீட்டலைக் கணக்கிட்ட அறிக்கை எதையும் நான் படித்ததில்லை.

நம் மொழி இங்கே ஒரு உதவி செய்கிறது. குறள் நாணுடைமைக்கு ஒரு அதிகாரமும் மானத்துக்கு இன்னொன்றும் தனித்தனியே ஒதுக்கியது. இரண்டும் வேறு என்று அன்றே தெரிந்திருந்தது. நாணம் ஒருவர் தனக்குள் வைத்திருக்கும் காவல். வெட்கம் தானாக வருவது. அவமானமோ பிறரால் செய்யப்படுவது. ‘அவமானப்பட்டேன்’ என்ற சொல்லுக்குப் பின்னால் ‘அவமானப்படுத்தினவர்’ ஒருவர் கட்டாயம் நிற்பார். சிகிச்சைக்கு வருபவர் பெரும்பாலும் ‘வெட்கமாயிருக்கு’ என்று, அது தானாக வந்ததுபோலத்தான் பேசுவார். செய்யப்பட்டதைத் தன்னுடைய இயல்பாக எடுத்துக்கொண்டதன் அடையாளம் அது. அந்த வாக்கியத்தை ‘என்னை அவமானப்படுத்தினார்கள்’ என்ற வாக்கியமாக அவரே மாற்றிச் சொல்லும் வரை கூடவே இருப்பதுதான் உளவளத்துணையின் பாதி வேலை என்று நினைக்கிறேன். அதுவும் வார்த்தையில் மட்டும் வராது. நம்மவர்களின் துயரம் பெருமூச்சாக, தலைப்பாரமாக, உடம்பெரிவாக, ‘ஒரே யோசனை’யாக வெளிப்படுவதைப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் தம் எழுத்துகளில் விரிவாகப் பதிந்திருக்கிறார். இலங்கையில் துயரத்தை அளக்க மக்களின் சொந்தக் கதைகளிலிருந்தே ஓர் அளவுகோல் செய்த உளவியலாளர் காயத்ரி பெர்னாண்டோ, உறவு முறிவும் சமூகத்தில் தன் பங்கை இழப்பதும் அவர்களுக்கு நோயின் விளைவாக அன்றி நோயாகவே இருப்பதைக் காட்டினார். 2009இல் யாழ்ப்பாணத்தில் செய்யப்பட்டு அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியான கணக்கெடுப்பு, மனவடு நோயை 7 வீதமென்றும் மனச்சோர்வை 22.2 வீதமென்றும் பதற்றத்தை 32.6 வீதமென்றும் கண்டது. முதல் எண் சிறிதாக இருப்பதைப் பார்த்து ஆறுதல் கொள்ள முடியவில்லை. அச்சத்தைக் கேட்கும் கேள்வித்தாளுக்கு அவமானம் வேறு கட்டத்தில்தான் பதில் எழுதும்.

இனி சிகிச்சை அறைக்குள் போவோம். அமெரிக்க உளப்பகுப்பாய்வாளர் ஹெலன் புளொக் லூயிஸ் 1971இல் வெளியிட்ட நூலில், சிகிச்சை அமர்வுகளின் பதிவுகளைச் சொல் சொல்லாக ஆராய்ந்து, அங்கே வெட்கம் ஓயாமல் எழுவதையும் சிகிச்சையாளர் அதைக் காணாமல் கடந்துபோவதையும் காட்டினார். காணப்படாத வெட்கம் அறிகுறியாகத் திரும்பி வந்தது. நம் சூழலில் இது இன்னும் கூர்மையானது. மேசைக்கு அப்பால் படித்த ஒருவர், கையில் படிவம், ‘பெயர் என்ன, எந்த ஊர், என்ன நடந்தது’ என்ற வரிசை. விசாரணை அறையைக் கண்டவருக்கு இந்தக் காட்சி புதிதில்லை. அவர் பதில் சொல்வார், ஒழுங்காகவே சொல்வார். சொல்லும்போது அவர் அங்கே இருக்கமாட்டார். கண் ஒரு புள்ளியில் நிற்கும், குரல் தட்டையாகும், இன்னொருவரின் கதைபோல் சொல்லி முடிப்பார். அனுபவமில்லாத துணையாளர் ‘நன்றாகப் பேசினார்’ என்று குறிப்பெழுதுவார். ஆழிப்பேரலைக்குப் பின் வெளிநாடுகளிலிருந்து குவிந்த ஆலோசகர்கள் பலர் இப்படித்தான் கதை கேட்டார்கள். தப்பியவர்களை வெறும் மனநோயாளிகளாகச் சுருக்கவேண்டாம் என்று கொழும்புப் பல்கலைக்கழகக் கல்வியாளர்கள் அப்போதே எழுத வேண்டியிருந்தது. அனர்த்தத்துக்குப் பின் ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டவைக்கும் முறை நோயைத் தடுக்கவில்லை, சிலருக்குத் தீங்கும் செய்திருக்கலாம் என்று கொக்ரேன் மதிப்பாய்வு 2002இலேயே சொல்லியிருந்தது. ஆணைக்குழுக்களின் கதையும் வேறில்லை. நல்லிணக்கப் பொறிமுறைகள் பற்றி மக்கள் கருத்தறியச் சென்ற செயலணி 7,306 சமர்ப்பிப்புகளைப் பெற்று 2017 ஜனவரியில் அறிக்கை தந்தது. ஒரே கதையை எத்தனை பேருக்குத்தான் சொல்வது என்ற களைப்பு அதில் ஊறிக் கிடக்கிறது.

கதை கேட்பதில் இத்தனை எச்சரிக்கை வேண்டும் என்பதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பேசவைப்பதைத் தள்ளிப்போடுவது நோயாளியின் தவிர்ப்புக்குத் துணைபோவது. நினைவை எதிர்கொள்ளும் சிகிச்சைகளுக்கே ஆதாரம் கூடுதல். முதலில் பாதுகாப்பு, பிறகு நினைவு என்று அமெரிக்க உளமருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992இல் வகுத்த படிமுறையை எல்லோருக்கும் கட்டாயமாக்கத் தக்க சான்று இல்லை என்று 2016இல் ஐரோப்பிய, அமெரிக்க ஆய்வாளர் குழுவொன்று எழுதியது. இதை நான் ஏற்கிறேன். மாதக்கணக்கில் ‘தயார்படுத்திக்கொண்டே’ இருப்பது, உன்னால் தாங்கமுடியாது என்று நோயாளிக்குச் சொல்லும் இன்னொரு அவமதிப்பு. ஆனால் அந்த ஆதாரம் இந்த மண்ணில் என்ன சொல்கிறது? ஆழிப்பேரலைக்குப் பின் வடகிழக்கு முகாமொன்றில் 31 பிள்ளைகளுக்கு, பயிற்சி பெற்ற உள்ளூர்த் துணையாளர்கள் ஆறு அமர்வுகள் நடத்தினார்கள். ஒரு பகுதியினர் தம் வாழ்க்கைக் கதையை அச்சமூட்டிய இடங்கள் உட்பட விரிவாகச் சொன்னார்கள். மற்றவர்கள் தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்தார்கள். ஆறு மாதத்தின் பின் முதற்குழுவில் 81 வீதத்தினரும் இரண்டாவதில் 71 வீதத்தினரும் மனவடு நோயிலிருந்து மீண்டிருந்தார்கள். 31 பேரை வைத்து இந்த வேறுபாட்டைப் பெரிதாக்க முடியாது. இரண்டு குழுவுக்கும் பொதுவாக இருந்தது, தம் மொழி பேசும், திரும்பத் திரும்ப வந்த, இழிவாகப் பார்க்காத ஒரு மனிதர். பொதுவான திட்டங்கள் எல்லோருக்கும் நன்மையே செய்யும் என்றும் எண்ணக்கூடாது. வடக்கில் 399 மாணவரிடம் நடத்தி 2012இல் வெளியான பள்ளிக்கூட ஆய்வில், மனவடு அறிகுறிகளைப் பொறுத்தவரை திட்டத்தில் சேர்ந்த சிறுமிகளைவிடக் காத்திருப்போர் பட்டியலில் இருந்த சிறுமிகளே கூடுதலாகத் தேறினார்கள். ஆகவே என் வாதம் பேசவைப்பதற்கு எதிரானதில்லை. யார் முன்னால், எந்தப் பார்வையின் கீழ், யாருடைய விருப்பத்தால் பேசுகிறார் என்பதே மருந்தின் அளவைத் தீர்மானிக்கிறது என்கிறேன்.

வெட்கத்தைப் பற்றிப் பேசுவது கீழைத்தேயத்தவரை ‘மானத்துக்கு அஞ்சும் மக்கள்’ என்று முத்திரை குத்துவதாகாதா என்று கேட்கலாம். பிரித்தானியாவில் வன்முறைக் குற்றங்களுக்கு ஆளானவர்களை ஆராய்ந்து 2000இல் வெளியான பெர்னிஸ் அன்ட்ரூஸ் குழுவின் ஆய்வில், ஆறு மாதத்தின் பின் யாருக்கு அறிகுறிகள் நீடிக்கும் என்பதை முன்கூட்டிக் காட்டியது வெட்கமே. இது மனித இயல்பு. நம் பங்கு அதற்குப் பெயர்களை நுணுக்கமாக வைத்திருப்பது மட்டும்தான்.

கிழக்கில் இன்னொரு பதிலும் இருக்கிறது: கோயில். மட்டக்களப்பின் அம்மன் கோயில்களில் வாக்குச் சொல்பவர்களை மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ் போர்க்காலத்தில் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். காணாமற்போன மகன் உயிரோடு இருக்கிறானா என்று கேட்க தாய்மார் அங்கே வந்தார்கள். வெளியே வாய் திறக்க முடியாத காலத்தில் உருவேறிய உடல்களின் வழியாக ஊரின் வேதனை பேசியது. மருத்துவக் கைநூல் உளவிலகல் என்று குறிக்கக்கூடிய அதே நிலை இங்கே ஊர் கூடித் தாங்கும் வடிவம் பெறுகிறது. நான் காணும் நுட்பம் இது: பேசுவது அம்மன், ஆகவே சொன்னதன் வெட்கம் சொன்ன பெண்ணின் மேல் விழுவதில்லை. சிகிச்சையாளர்கள் இதிலிருந்து கற்கலாம். ஆனால் இதுவே போதும் என்று விட்டுவிட முடியாது. கிண்ணியாவின் முஸ்லிம் பெண்ணுக்கு இந்த வாசல் இல்லை. கொடுமை சொந்த வீட்டுக்குள் நடந்திருந்தால் ஊர் கூடும் இடத்தில் அது வெளிவருவதும் அரிது.

மாவட்டத்தில் பணிசெய்யும் உளவளத்துணையாளர்களிடம் இதனால் ஒரு வேண்டுகோள். முதல் அமர்வில் படிவத்தை மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள். கதிரையைப் பக்கவாட்டில் போடுங்கள். கண்ணுக்கு நேர் கண் பார்ப்பது எல்லோருக்கும் ஆறுதலில்லை. கதவுப் பக்கம் உட்கார அவரை விடுங்கள். எதைச் சொல்லாமல் விடலாம் என்பதை முதலில் சொல்லுங்கள். குரல் தட்டையாகி அவர் விலகிப்போவதைக் கண்டால் கதையைத் தொடரவிடாதீர்கள். கால் தரையில் பதிவதையும் வெளியே கேட்கும் சத்தத்தையும் பேசி அவரை அறைக்குள் அழைத்து வாருங்கள். உறைந்துபோனது உடல் என்று, கோழைத்தனம் இல்லையென்று, தெளிவான தமிழில் விளக்குங்கள். அந்த ஒரு விளக்கம் பலரின் இருபது வருடக் கேள்விக்குப் பதிலாக இருக்கும்.

அறைக்கு உள்ளே இவ்வளவும் செய்யலாம். இதற்கு மேலும் ஒரு மறுப்பு எஞ்சுகிறது. அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. போரில் நொந்தவர்களை நோயாளிகளாக்கினால் அநீதி மருத்துவப் பிரச்சினையாகச் சுருங்கிவிடும் என்று பிரித்தானிய உளமருத்துவர் டெரெக் சமர்பீல்ட் 1999இல் வாதிட்டார். அவர் சொன்னதில் பெரும்பகுதி சரி. அவமானம் பிறரால் ஏற்றப்பட்டதென்றால், ஏற்றியவரே அதை இறக்க வேண்டும். துணையாளர் அதைத் தாங்கிப்பிடிக்க மட்டுமே முடியும். சித்திரவதைக்குள்ளானவர் இரவு தூங்குவதற்குத் தீர்ப்பு வரும் வரை காத்திருக்கச் சொல்வதும் கொடுமை. ஆகவே சிகிச்சை இன்றே வேண்டும், அங்கீகாரமும் வேண்டும். இதே மாவட்டத்தின் குமாரபுரத்தில் 1996 பெப்ரவரியில் நடந்த படுகொலையில் குற்றஞ்சாட்டப்பட்ட ஆறு முன்னாள் படையினர் 2016இல் விடுதலையானார்கள். காந்தி சிலையருகே ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்ட வழக்கில் விசேட அதிரடிப் படையினர் உட்பட 13 பேரைத் திருகோணமலை நீதவான் நீதிமன்றம் 2019 ஜூலையில் போதிய சான்று இல்லையென விடுவித்தது. அந்த ஐவரின் கொலைக்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.